கடைக்கு ஒரு முகம்

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அது சுவரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் ப்ளைவுட். அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை, இந்தப் பக்கம் நான். பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவது, கோட்டுக்குக் கை குறைப்பது, பெருத்துப்போனவர்களுக்குத் தையல் பிரித்துவிடுவது, இதுதான் என் பிழைப்பு. அங்கே ஒருத்தர் தும்மினால் இங்கே நூல்கண்டு உருளும். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காதைப் பொத்திக்கொண்டு ஜிப் தைக்க முடியுமா? இரண்டு கையும் வேண்டாமா?

கண்ணாடிக் கடையில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். கண்ணாடிக்காரர் உள்ளே மெஷினில் உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்ப்பார். தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரம் கர்ரென்று கத்தும். மனிதர் கத்தமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் கொஞ்ச நேரம் கழித்து வரும். வாசல் பக்கம் முழுக்க அவளுடைய ராஜ்யம். வருகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு வட்டம் வேணாம், கன்னம் இன்னும் உப்பலாத் தெரியும்" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். யாருக்கும் கோபம் வராது, அப்படி ஒரு சிரிப்போடு சொல்வாள். கண்ணாடிக் காம்பைச் சூடான காற்றில் காட்டி, காதுக்குப் பின்னால் உட்காருகிற மாதிரி விரலால் வளைத்து மாட்டிவிடுவாள். அவள் மாட்டிவிட்ட கண்ணாடி குனிந்து செருப்பு மாட்டினாலும் வழுக்காது. அவர் வளைத்தால் ஒன்று தொளதொளவென்று இருக்கும், இல்லாவிட்டால் காதைக் கடிக்கும்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் நகரும் படிக்கட்டு வைத்துப் பெரிய கண்ணாடிக் கடை ஒன்று வந்தது, வந்தது சனி. மிச்சம் இருந்தவர்களும் போனிலேயே ஃபிரேம் வாங்க ஆரம்பித்தார்கள். இங்கே திருகாணி முடுக்கவும், மூக்கில் உட்காரும் ரப்பர் மாற்றவும் மட்டும் ஆள் வந்தது. பெரிய கடைக்காரர்கள் ஒரு நாள் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, கடையை மூடிவிட்டு எங்களிடம் லென்ஸ் தேய்க்க வந்துவிடுங்கள் என்றார்கள். அவருக்கு வேலை உண்டு. அவளுக்கு இல்லை. முன்னால் நிற்பதற்கு அவர்களிடம் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி சட்டை போட்ட பெண்கள் இருந்தார்கள்.

"நீங்க போங்க. நான் வீட்ல இருக்கேன். எனக்கென்ன?" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த வாசலில் நிற்காவிட்டால் அவள் பாதி ஆள்தான், எனக்குத் தெரியும்.

அப்போதுதான் மாடியிலிருந்து பார்லர்க்காரி இறங்கி வந்தாள். கண்ணாடிக்காரரின் தங்கை. மேலே முடி வெட்டி, புருவம் திருத்தி, முகத்துக்கு எதையெதையோ பூசிக் கழுவுகிற கடை வைத்திருக்கிறாள். தன் மூஞ்சியைத் தானே படம் எடுத்துப் போட்டே அவளுக்குக் கூட்டம். வாய் இருக்கிறதே, அண்ணன் பேசாததையும் சேர்த்துப் பேசுகிற வாய்.

"அண்ணே, என்ன இது? போன்ல நம்ம கடைப் பக்கத்துல போட்டிருக்கிற படத்தப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கு. ஃபிரேம எல்லாம் ட்ரேல வரிசையா படுக்க வச்சு எடுத்திருக்க. ஆஸ்பத்திரி வார்டா இது?"

"தெளிவாத் தெரியுதில்ல?"

"ஃபிரேம் தெரியுது. மூஞ்சி எங்க? மூஞ்சியில மாட்டுற பொருளுக்கு ஒரு மூஞ்சி வேணாமா? செல்ஃபி எடு. தினம் ஒரு ஃபிரேம மாட்டிக்கிட்டு ஒரு செல்ஃபி. அவ்ளோதான் விஷயம்."

தங்கச்சி சொன்னால் அண்ணன் தட்டமாட்டார். மறுநாள் போனை மடிமேல் வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அன்று பார்லர்க்காரி படியிறங்கி வந்த சத்தத்தில் என் மெஷின் பெல்ட்டே கழன்றுவிடும் போலிருந்தது.

"ஏண்ணே, நீ கண்ணாடி விக்கிறியா, மூக்குப்பொடி விக்கிறியா? ரெண்டு மூக்கு ஓட்டையும் விட்டா வேற ஒண்ணுமே தெரியலையே!"

இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

"சிரிக்கிறீங்களா அண்ணி? நீங்களே எடுங்க. உங்க மூஞ்சிக்கு எந்த ஃபிரேமும் பொருந்தும். நான் தொழில்காரி சொல்றேன்."

"ஐயோ, என்னை விடும்மா."

"எதுக்கு விடணும்? வாசல்ல நின்னு வித்தா மட்டும் வெக்கம் இல்லையா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? சொல்லுங்க பார்ப்போம்."

நாத்தனார் விடவில்லை. பிடித்தால் உடும்புப்பிடிதான் அவள். அடுத்து வந்த நாட்களில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அங்கே பாடம் நடந்தது. "டியூப்லைட்டுக்குக் கீழ நின்னா கண்ணுக்கடியில கருப்பு விழும், வாசல் வெளிச்சத்துல நில்லுங்க. மழை மூட்டம் போட்ட நாள்தான் படத்துக்கு ராஜா, மூஞ்சி பூரா ஒரே மாதிரி வெளிச்சம் விழும். முதல்ல போன் கேமராவத் துடைங்க அண்ணி, எண்ணெய்க் கை பட்டு மங்கிப் போய் கிடக்கு. போனைக் கண்ணு உயரத்துக்கு வைங்க. ரொம்பக் கிட்டப் போனா மூக்கு பெருசாயிடும். திரையில உங்களையே பார்க்காதீங்க, மேல ஒரு பொட்டு மாதிரி ஓட்டை இருக்கு பாருங்க, அதப் பாருங்க." கண்ணாடியில் வெளிச்சம் பட்டு வெள்ளையடித்தது. அதற்கு மட்டும் உள்ளேயிருந்து கண்ணாடிக்காரர் குரல் கொடுத்தார்: "காதுக்கிட்ட காம்பக் கொஞ்சம் தூக்கி வை. கண்ணாடி கீழ பார்க்கும். வெளிச்சம் மேல வராது."

பாடம் எல்லாம் கேட்டாள். படம் மட்டும் எடுக்கவில்லை. இன்றைக்குத் தலைவலி, நாளைக்கு வேலை, நாளன்றைக்கு மழை. மழை நாள்தான் ராஜா என்று சொல்லியாயிற்றே, அந்தச் சாக்கும் செல்லவில்லை.

ஒரு மழைக் காலை ஃபிரேம் பெட்டியும் போனும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றாள். "டெய்லரக்கா, உங்க ட்ரையல் ரூம் கொஞ்ச நேரம் வேணும். திரை போட்டுக்கறேன்" என்றாள். மேலே கண்ணாடி ஓடு வைத்த அறை அது, மழை வெளிச்சம் பால் மாதிரி விழும். போய்க்கோம்மா என்றேன். உள்ளே க்ளிக், க்ளிக் என்று சத்தம் வந்தது. பிறகு பெருமூச்சு வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. ஃபிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு திரையை விலக்கினேன்.

மாதிரி ஃபிரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நீட்டிய கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் பார்த்தேன். வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண் மூக்குப் பக்கம் ஓடியிருந்தது.

இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரியாது. தன் கண்ணாடியை அவள் கழற்றி நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பார்த்துட்டீங்களா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "என் சொந்தக் கண்ணாடி போட்டிருந்தா நேரா நிக்கும்க்கா. அந்தப் பவர்தான் கண்ணப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. விக்கிற ஃபிரேம்ல பவர் ஏது? வெறும் பிளாஸ்டிக் தகடு. அதப் போட்டுக்கிட்டுக் கிட்ட எதையாவது உத்துப் பார்த்தா போதும், இது ஓடிடும். போனைப் பார்க்காம செல்ஃபி எப்படிக்கா எடுக்கறது?"

"இதுக்கா இத்தனை நாள் சாக்கு சொன்ன? மாறுகண் அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்களே."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வார்த்தையை விழுங்க முடியுமா?

"யாருக்கு அதிர்ஷ்டம்?" என்றாள். "ஸ்கூல்ல என் பேரே ஒன்றரைக்கண்ணுதான். வீட்ல அக்காவ பொண்ணு பார்க்க வந்தப்போ என்னை உள்ள ரூம்ல போய் இருன்னாங்க. எனக்குப் பார்க்கறப்போ சைடுல நிக்க வச்சு படம் எடுத்து அனுப்பினாங்க. வர்ற ஆளு வந்து நேரா பார்த்துட்டு, டீயக் குடிச்சிட்டுப் போயிடுவான். அதிர்ஷ்டம்னு சொன்ன ஒருத்தனும் அந்த அதிர்ஷ்டத்தத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலக்கா."

"அப்புறம் இவரு எப்படி?"

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அப்போ இவர் வேற ஒரு கடையில வேலை பார்த்தாரு. என் கண்ணாடி உடைஞ்சு போச்சுன்னு போனேன். கழட்டிக் குடுக்கணுமே, செத்தேன்னு நினைச்சேன். வாங்கிப் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'கண்ணு நல்லாத்தாங்க இருக்கு, கண்ணாடிதான் கோணலா இருக்கு'ன்னாரு. அவ்ளோதான் பேசினாரு. அதுக்கப்புறம் அந்தக் கண்ணாடிய நானே நாலு தடவை கோணலாக்கி எடுத்துட்டுப் போனேன்."

"அடி கள்ளி!"

"அவர்கிட்ட நான் இதப் பத்திப் பேசினதே இல்லக்கா. அவரும் கேட்டதில்ல. கேக்காம இருக்கிறாரே, அதுவே போதும்னு இருந்துட்டேன்."

டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் எழுந்து நின்றாள். என் இஸ்திரிப் பெட்டி மேஜையை இழுத்து, அதன் மேல் பெட்டிகளை அடுக்கி, போனைச் சாய்த்து வைத்து, தானாக எடுக்கிற மாதிரி செட் பண்ணினாள். தூரமாக நின்றால் கண் அவ்வளவாக ஓடாது என்று கணக்கு. விறைத்துப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூச்ச விடும்மா! போலீஸ் ஸ்டேஷன்ல எடுக்கிற படம் மாதிரி நிக்கிற. என்னத்தத் திருடின?"

"உங்க தம்பியத்தான்!" என்று, நான் தம்பி என்று கூப்பிடுகிற தன் புருஷனைச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். போன் க்ளிக்கென்றது.

எடுத்துப் பார்த்தோம். தலை சாய்ந்து, பல் முழுக்கத் தெரிந்து, அப்படி ஒரு சிரிப்பு. இடது கண் நன்றாகவே ஓடியிருந்தது. "எல்லாத்தையும் அழிச்சிடறேன்க்கா. மூக்குப்பொடியே போதும் நம்ம கடைக்கு" என்றாள். அதற்குள் யாரோ வந்து கூப்பிட, போனைக் கடை மேஜையில் வைத்துவிட்டுத் திருகாணி முடுக்கப் போனாள். அழிக்க மறந்துவிட்டாள்.

அது கடைப் போன். மதியம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் கண்ணாடிக்காரர் அதை எடுத்திருக்கிறார். படங்களைப் பார்த்திருக்கிறார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'புதிய ஃபிரேம், எடை குறைவு' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

எந்தப் படத்தை என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலை பார்லர்க்காரி பாதி உடுத்தின ஏப்ரனோடு ஓடி வந்தாள். கண்ணாடிக்காரி அப்போதுதான் ட்ரேக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன், சில்லறை மாற்றப் போயிருந்தேன்.

"அண்ணி, நீங்களா போட்டீங்க இத?"

அவள் வாங்கிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு கீழே ஊரார் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள். மனசுக்குள் படித்திருக்கலாம், வாய்விட்டே படித்தாள். "ஒரு கண்ணு நம்ம கடையப் பார்க்குது, இன்னொரு கண்ணு போட்டிக் கடையப் பார்க்குது." "கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணு கோணல், அங்க போனா நம்ம கதி?" "மாறுகண் லக்கு, லாட்டரி நம்பர் கேளுங்கப்பா." நடுவில் ஒருத்தர் ஃபிரேம் என்ன விலை என்று கேட்டிருந்தார். அதையும் அதே குரலில் படித்தாள். எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் வாயைத் தைத்திருப்பேன், அதுவும் இரட்டைத் தையல்.

போனை மேஜைமேல் வைத்தாள். "யாரு போட்டது?"

மெஷின் நின்றது. "நான்தான்" என்றார் உள்ளேயிருந்து.

பையை எடுத்துக்கொண்டாள், குடையை எடுத்துக்கொண்டாள், மழையில் இறங்கிப் போய்விட்டாள். குடையை விரிக்கக்கூட இல்லை.

பார்லர்க்காரி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு வெள்ளெழுத்து வந்து எத்தனை வருஷம் ஆச்சு? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுவ, நீ மாட்டிக்க மாட்ட. குட்டிக் குட்டிப் படத்துல எது என்னன்னு தெரியாம எதையோ அமுக்கித் தொலைச்சிருக்க. அதானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"சரி, நான் அண்ணிகிட்ட அப்படியே சொல்லிக்கறேன். கண்ணு தெரியாமப் போட்டுட்டாருன்னு. படத்த இப்போ எடுத்துடாத. பயந்து எடுத்துட்டாங்கன்னு இன்னும் நாலு பேரு பேசுவான். தானா அடங்கட்டும்."

அடங்கியது படம் மட்டும் இல்லை, கடையும்தான். அவள் வரவில்லை. வீட்டில் சமைக்கிறாளாம், துவைக்கிறாளாம், அவரோடு பேசுவதில்லையாம். அவர் காலையில் வந்து ஷட்டரைத் தூக்குவார். யாராவது வந்தால், "அவங்க இல்ல" என்பார், ஏதோ அவர் அங்கே வேலைக்கு வந்தவர் மாதிரி. மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலமாகக் கொண்டுவருவார். பாதியை அப்படியே மடித்து வைத்துவிடுவார். பெரிய கடையிலிருந்து மறுபடியும் ஆள் வந்து பேசிவிட்டுப் போனான். முதல் தடவை முடியாது என்று அனுப்பினவர், இந்த முறை யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

எனக்கே கோபம்தான் அவர்மேல். கண்ணாடி போட்டுக்கொள்ளாத கண்ணாடிக்காரர் ஊரில் உண்டா? ஆனால் அந்த மடித்து வைத்த ரொட்டியைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை.

அவளைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு பஸ் டிரைவர். கண்ணாடி வழுக்குகிறது என்று வந்தார். கண்ணாடிக்காரர் வளைத்துக் கொடுத்தார். சாயங்காலமே டிரைவர் திரும்பி வந்தார். "சார், பிரேக் போடறப்போ எல்லாம் மூக்குக்கு வந்துடுது. ரோட்டைப் பார்க்கிறதா, இதத் தூக்கிவிடறதா? அம்மாவ வரச் சொல்லுங்க." மறுநாளும் அதேதான். கடைசியில் நானே அவளுக்குப் போன் பண்ணினேன். "இந்த மனுஷன் பஸ்ஸை யார் மேலயாவது ஏத்திட்டா அந்தப் பாவம் நம்ம தலையிலதான் விழும். கோவத்த வீட்ல வச்சிட்டு வந்துட்டுப் போ."

வந்தாள். டிரைவரை உட்கார வைத்தாள், காம்பைச் சூடுகாட்டினாள், காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள், இன்னும் ஒரு வளைவு கொடுத்தாள். "தலைய ஆட்டுங்க. நல்லா ஆட்டுங்க." அவர் சாமியாடினார். கண்ணாடி அசையவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நானும் நழுவப் பார்த்தேன். விடவில்லை.

"டெய்லரக்கா, போகாதீங்க. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுச் சொல்லுங்க."

அவர் நாலு அடி தள்ளி மெஷின்முன் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான், கழுத்தில் அளவு நாடாவோடு.

"கேளுங்கக்கா, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கிறதுல என்ன கௌரவம் குறைஞ்சு போகுதாம்?"

"என்னப்பா கௌரவம் குறைஞ்சு போகுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போட்டுக்கறேன்" என்றார்.

"கேளுங்கக்கா, இன்னும் அந்தப் படத்த எடுக்காம வச்சிருக்காரே, இன்னும் எத்தனை பேரு பார்த்துச் சிரிக்கணுமாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் ஏறிவிட்டது. "கண்ணு தெரியலன்னா தெரியாத வேலையச் செய்யக் கூடாது. பொண்டாட்டி மூஞ்சிய எடுத்து ஊருக்குப் போடறப்போவாவது ஒரு கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பார்த்திருக்கலாம்ல? கடை பூரா கண்ணாடி தொங்குது!"

"கண்ணு தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"டெஸ்ட் பண்ற ஃபிரேம்ல என் பவர போட்டு மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்தேன்" என்றார் அவர். குனிந்த தலை நிமிரவில்லை. "மத்ததுல எல்லாம் நீ யாரோ மாதிரி இருந்த. இது ஒண்ணுலதான் நீ இருந்த. அதான் போட்டேன்."

"அப்போ என் கண்ணு?"

"கண்ணுக்கென்ன?"

"உள்ள ஓடியிருக்கேங்க! கண்ணு அளக்கிறதே உங்க பொழப்பு, அது தெரியலையா?"

அவர் சக்கரத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை அடைத்தார்.

"ராத்திரி கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரிப்பியே. இப்படித்தான் பார்ப்ப. இத்தனை வருஷமா இப்படித்தானே பார்க்கிற. எனக்கு அது கோணலாவே தெரியல. அந்த ஆளுங்க எழுதினதப் படிச்ச பிறகுதான் திரும்பப் பார்த்தேன். அப்பதான் ஓ, ஓடியிருக்கேன்னு தெரிஞ்சுது. கண்ணு தெரியாமப் போட்டேன்னு சொல்லச் சொன்னது தங்கச்சி. அதையே நீ நம்பிக்கிட்டாலும் பரவாயில்லன்னு விட்டுட்டேன். பார்த்தும் போட்டேன்னு சொன்னா நீ இன்னும் உடைஞ்சு போவியோன்னு பயம்."

நான் அழுதேன். இதிலென்ன வெட்கம், அழுதேன்தான். அளவு நாடாவிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. ஒரு ட்ரேயை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அவர் பக்கம் திரும்பினபோது குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"அது வீட்டு முகங்க" என்றாள். "ஊர்ல யாருக்கும் காட்டாம, ஒரே ஒரு ஆளுக்குன்னு வச்சிருந்தேன். அந்த ஒரு ஆளுகிட்ட மட்டும்தான் கண்ணு எங்க ஓடுதுன்னு நினைக்காம சிரிப்பேன். அதப் போய் எடுத்துத் தெருவுல வச்சிட்டீங்களே."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை தான் செய்தது என்ன தப்பு என்று அவருக்கு முழுசாகப் புரிந்திருக்கவில்லை. எழுந்து வந்தார். கடைப் போனை எடுத்தார், வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்றை ஸ்டாண்டிலிருந்து உருவி மாட்டிக்கொண்டார். அழி என்பதை அமுக்கினார். கடைப் பக்கத்திலிருந்து படம் போய்விட்டது. எழுதினவர்கள் எழுதினதும் அதோடு போயிற்று.

"தப்புதான்மா" என்றார். "கடைய மூடிடலாம். உன் மூஞ்சிய வச்சு நடத்த வேண்டிய கடை இல்ல."

"யாரு சொன்னா மூடணும்னு?" என்றாள் வெடுக்கென்று. "வீட்டு முகத்தத்தான் தரமாட்டேன்னேன். கடைக்குன்னு ஒரு முகம் இருக்கு, அத நானே எடுத்துத் தரேன். என் பவர அந்த ஃபிரேம்ல போட்டுக் குடுங்க."

"எந்த ஃபிரேம்ல?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துக்கும் லென்ஸ் வெட்டினா கட்டுப்படியாகுமா?" என்றார். சொல்லிவிட்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ட்ரேக்களை இழுத்து, ஃபிரேம்களை எடுத்து மேஜைமேல் அடுக்க ஆரம்பித்தார். பெரியது முதலில், அதைவிடச் சின்னது அடுத்து, அப்படியே குழந்தை கைக்கு அடங்குகிற சின்ன ஃபிரேம் வரைக்கும். "ஒரே ஜோடி லென்ஸ் போதும். முதல்ல பெருசுக்கு வெட்டறேன். படம் எடுத்துக்க. கழட்டிக் குடு, இன்னும் கொஞ்சம் தேய்ச்சா அடுத்ததுல உட்காரும். அப்படியே சின்னதாக்கிக்கிட்டே போகலாம். ஆனா ஒண்ணு, தேய்ச்சுட்டா திரும்பப் பெருசாக்க முடியாது. படம் சரியில்லன்னா அப்பவே சொல்லிடணும்."

அன்று பூரா அந்த மெஷின் கத்தியது பாருங்கள், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. கர்ரென்று ஒரு சத்தம், பிறகு மழை வெளிச்சத்தில் வாசலில் அவள், கண் உயரத்துக்குத் தூக்கிய போன், காதருகே லேசாகத் தூக்கிவிட்ட காம்பு, க்ளிக். மறுபடி கர்ர். பார்லர்க்காரி இறங்கி வந்து, அண்ணியைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு, உடனே அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். "தாடைய இறக்குங்க. அந்தப் பொட்டைப் பாருங்க அண்ணி, பொட்டை!" பவர் லென்ஸில் கண்கள் கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தன. "ஆந்தை மாதிரி இருக்கேன்" என்றாள் அவள். "இருந்தா என்ன, நேரா பார்க்கிற ஆந்தை" என்றேன் நான். கண் நேராகத்தான் நின்றது. கடை முகம், கண்டிப்பும் சிரிப்புமாக, உங்களுக்கு வட்டம் வேண்டாம் என்று சொல்கிற அதே முகம்.

நடுவில் அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "கை வலிக்கும், குடு, நான் எடுக்கறேன்" என்றார்.

"நீங்க எடுக்கக் கூடாது" என்றாள்.

"ஏன்?"

"நீங்க எதிர்ல நின்னா வேற முகம் வந்துடும்."

அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். பார்லர்க்காரியும் பார்த்தாள். இரண்டு பேரும் அவசரமாக வெளியே மழையைப் பார்த்தோம்.

ஃபிரேம்கள் தீர்ந்தபோது லென்ஸ் இரண்டும் நகத்தளவுக்கு வந்திருந்தன. படங்களைப் போனில் கடைப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்கள். கூட்டம் அலைமோதியது என்று சொன்னால் பொய். மூன்றாவது ஃபிரேம் படத்தைக் காட்டி, "இந்த அம்மா போட்டிருக்கிறது வேணும், இவங்களே மாட்டிவிடணும்" என்று அந்த வாரம் கொஞ்சம் பேர் வந்தார்கள். பெரிய கடை ஆள் திரும்ப வந்தபோது அவளே வாசலில் நின்று, "அவருக்கு இங்க வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள்.

படம் எடுத்து முடித்த அந்தச் சாயங்காலத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவள் ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கடைப் போனில் வேண்டாத படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். ட்ரையல் ரூமில் எடுத்த அந்தப் படம் வந்தது போல. விரல் அப்படியே நின்றது. அழிக்கவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் விரல் எதில் நிற்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"அத எதுக்கு அழிக்கிறீங்க?" என்றாள். "உங்க போனுக்கு அனுப்பிட்டு, இதுல மட்டும் அழிங்க. அது உங்களுக்குத்தான்."

நான் என் பக்கம் வந்து, மெஷினை மூடி, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.